பள்ளிச் சுவரில் மாநிலச் சின்னங்கள்: கோபுர முத்திரை போடலாமா? மற்றதை எப்படித் தப்பில்லாம வரையறது?

காசிமேட்டுக் கோடு (கேள்வி)

வணக்கம். சென்னை காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளி. வெளிச்சுவர் 42 அடி நீளம், ஆறரை அடி உயரம், கிழக்குப் பார்த்தது. கடல் காத்து நேரா அடிக்கும். அதுல தமிழ்நாட்டோட மாநிலச் சின்னங்களை வரிசையா வரையணும்னு முன்னாள் மாணவர்கள் திட்டம். தலைமையாசிரியர் வாய்வார்த்தையா சரின்னுட்டார். பெயின்ட் செலவை பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடை ஏத்துக்குது.

கேட்க வேண்டியது மூணு.

1. நடுவுல கோபுர முத்திரையை நாலடி வட்டமா பெருசா போட்டு, மத்ததைச் சுத்தி வரையலாம்னு யோசனை. சட்டப்படி அதுக்கு இடம் இருக்கா? மாநிலக் கொடின்னு எதாவது உண்டா?

2. நெட்ல தேடினா மரகதப்புறான்னு பத்து விதமான படம் வருது. வண்ணத்துப்பூச்சிக்கும் அதே கதை. எதை நம்பி வரையறது?

3. சுவர்ல அங்கங்க வெள்ளையா உப்பு பூத்திருக்கு. போன தடவை அடிச்ச பெயின்ட் செதில் செதிலா உரியுது. இப்ப என்ன பண்ணணும், எவ்வளவு சாமான் வாங்கணும்?

மண்ணடி அச்சு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நாலடி வட்ட யோசனையைக் கைவிடுங்கள்.

நம் ஆட்கள் முத்திரையையும் மரகதப்புறாவையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். புறா, வரையாடு, செங்காந்தள், பனை எல்லாம் மாநிலத்தின் அடையாளங்கள். யாரும் வரையலாம், சட்டையில் போடலாம், சாவிக்கொத்தில் தொங்கவிடலாம். முத்திரை அப்படி இல்லை. அது அரசின் கையெழுத்து மாதிரி. ஒரு தாளிலோ சுவரிலோ அது இருந்தால் ‘இது அரசு சொல்வது’ என்று பொருள். அதனால்தான் அதற்குத் தனிச் சட்டம்.

நம் முத்திரை 1949-ல் ஏற்கப்பட்டது. அப்போது முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். பின்னால் கோபுரம், முன்னால் அசோகரின் சிங்கத் தலை, இரு பக்கமும் தேசியக் கொடி. வட்ட ஓரத்தில் மேலே ‘தமிழ்நாடு அரசு’, கீழே ‘வாய்மையே வெல்லும்’. சிங்கத் தலை உள்ளே இருப்பதால் மாநில முத்திரை என்றாலும் மத்தியச் சட்டம் அதைத் தொடுகிறது.

சட்டங்கள் இரண்டு. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம் ஒன்று. மத்திய, மாநில அரசுகளின் பெயர், சின்னம், முத்திரை எதையும் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அடுத்தது 2005-ஆம் ஆண்டின் அரசுச் சின்னச் சட்டமும் அதன் கீழ் வந்த 2007 விதிகளும். சிங்கத் தலையையோ, அதைப் போலவே தோன்றும் எதையுமோ அரசு சம்பந்தப்பட்டது என்று எண்ண வைக்கும்படி பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘போலவே தோன்றும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கோபுரத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டோம், கொடியை எடுத்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

‘மாநகராட்சிப் பள்ளிதானே, அரசுதானே’ என்று தோன்றும். மாநகராட்சி உள்ளாட்சி அமைப்பு, மாநில அரசின் துறை அல்ல. 2007 விதிகள் நகராட்சிகள், ஊராட்சி அமைப்புகள், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே வரிசைப்படுத்தி, தனி அதிகாரம் இல்லாமல் போடக் கூடாது என்கின்றன. முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் குழந்தைகள் முத்திரையைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். பாடநூல், வரலாற்று நூல், கலை நூல் போன்றவற்றில் சின்னம் எப்படி வந்தது, என்ன பொருள் என்று விளக்கும் பகுதியில் அதைக் காட்ட விதிகளிலேயே இடம் உண்டு. ஆனால் நூலின் அட்டையிலோ முகப்பிலோ போடக் கூடாது. சுவருக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு: நடுவில் மகுடம் மாதிரி வேண்டாம், பள்ளிப் பெயருக்கு மேலே வேண்டாம், வாசல் கதவில் வேண்டவே வேண்டாம். வரிசையில் ஒரு கட்டமாக ஒன்றரை அடிக்குள், கீழே நாலு வரி விளக்கத்தோடு இருக்கட்டும். அதையும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு.

தலைமையாசிரியரின் வாய்வார்த்தை போதாது. காசிமேடு மாநகராட்சியின் ராயபுரம் மண்டலத்திலோ, தண்டையார்பேட்டை மண்டலத்திலோ வரலாம். வார்டு எண்ணைப் பார்த்து எது என்று உறுதி செய்துகொண்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு மண்டல அலுவலகத்துக்கும் மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் கடிதம் கொடுங்கள். சுவரின் அளவு, ஒவ்வொரு கட்டத்தின் மாதிரிப் படம், எழுதப்போகும் வாசகம் எல்லாம் இணைப்பாக இருக்க வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அனுமதித் தாள் கையில் இல்லாமல் சாரம் கட்டினால் ரோந்து போலீஸ் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

கொடி: தமிழ்நாட்டுக்கு அதிகாரபூர்வமான தனிக்கொடி கிடையாது. 1970-ல் ஒன்று முன்மொழியப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஒற்றியூர் ஓடை

கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம்தானே? அந்த நாலு வரி விளக்கத்துல அதையும் எழுதிடுங்க.

மண்ணடி அச்சு

எழுத வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது ஊர் முழுக்கப் பரவிய பேச்சு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்றும் அழுத்தமாகச் சொல்கிறார்கள், ஓவியர் மதுரைக்காரர் என்பதையும் காரணம் காட்டுகிறார்கள். பள்ளிச் சுவரில் ஒன்றை எழுதினால் மறுவாரமே இன்னொரு கட்சி பெயின்ட் டப்பாவோடு வரும். ‘கோயில் கோபுரம்’ என்றால் போதும். முக்கியமாக, எந்தக் கோயிலின் புகைப்படத்தையும் பார்த்து முத்திரைக் கோபுரத்தை வரையாதீர்கள். முத்திரையில் இருப்பது ஒரு கோட்டுச் சித்திரம், அதன் நிலைகளும் விகிதமும் அந்தச் சித்திரத்துக்கே உரியவை. அரசு வெளியீட்டில் உள்ளதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

மரவெட்டித் தும்பி

இரண்டாவது கேள்விக்கு வரேன். ஒவ்வொண்ணுலயும் எங்க தப்பு விழும்னு சொல்றேன், அதை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.

மரகதப்புறா. பேர்ல ‘மரகதம்’ இருக்குன்னு முழுப் பறவையையும் கிளிப்பச்சைல அடிச்சிடுவாங்க. பச்சை இறக்கைலயும் மேல் முதுகுலயும் மட்டும்தான். மார்பும் வயிறும் ஒயின் கலந்த மாதிரி மங்கின ரோஸ், கழுத்துக்கும் அதே நிறம். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், நெத்தியும் புருவமும் வெள்ளை. பெண்ணுக்குத் தலை பழுப்பு. அலகு நல்ல ஆரஞ்சுச் சிவப்பு, காலும் சிவப்பு வகை. கீழ் முதுகுல கறுப்பு வெள்ளைப் பட்டை ரெண்டு வரும், பக்கவாட்டுல வரையும்போது லேசா தெரிஞ்சா போதும். நீளம் ஒரு அடிக்கும் கம்மி, 25 செ.மீ. பக்கம்.

நெட்ல வர்ற பத்துப் படத்துல பாதி பச்சைப்புறா. அது மகாராஷ்டிராவோட மாநிலப் பறவை! அடையாளம் காலு: மஞ்சள் கால்னா பச்சைப்புறா, அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்க. இன்னொரு விஷயம், மரகதப்புறா பெரும்பாலும் காட்டுத் தரையில நடந்து கொட்டை பொறுக்குற பறவை. கரன்ட் கம்பில உக்கார்ந்த மாதிரி வரையாம, காஞ்ச இலை மேல நடக்கிற மாதிரி வரைங்க. அந்தப் பச்சை எடுப்பா தெரியறதுக்கும் பழுப்பு இலைதான் தோது.

வரையாடு. ரெண்டு தப்பு வழக்கமா நடக்கும். ஒண்ணு, தாடி. வரையாட்டுக்குத் தாடி கிடையாது. நம்ம ஊரு வெள்ளாட்டைப் பார்த்த கை தானா ஒரு தாடியை இழுத்துடும். ரெண்டாவது, வெளிநாட்டு மலையாட்டுப் படத்தைப் பார்த்து முதுகு வரைக்கும் வளையற பெரிய முண்டுமுண்டான கொம்பு. வரையாட்டுக் கொம்பு ஓரடி, ஒன்றரை அடிக்குள்ள, பின்னால வளைஞ்சு நிக்கும், முறுக்கே இருக்காது. வளர்ந்த கிடா கரும்பழுப்பா இருக்கும், முதுகுல வெளிறின சேணம் போட்ட மாதிரி ஒரு திட்டு. அதை விட்டா வரையாடு இல்ல. பெட்டையும் குட்டியும் சாம்பல் பழுப்பு. பின்னணிக்குப் புல்வெளியும் பாறையும் போடுங்க, அடர் காடு வேணாம். சங்கப் பாட்டுல வர்ற ‘வருடை’ இதுதான்னு சொல்றதுண்டு, கட்டத்துக்குக் கீழ எழுத நல்ல சொல்.

வண்ணத்துப்பூச்சி. 2019-ல அறிவிச்சது, பேரு தமிழ் மறவன். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். ஆரஞ்சு நிறம், இறக்கை ஓரத்துல கரும்பழுப்புக் கரை, உள்ளே மெல்லிசா அலையலையா கோடு. அவ்வளவுதான், ரொம்ப ஆடம்பரம் கிடையாது. இதுக்குப் பதிலா சுவர்ல ஏறுறது ரெண்டு. ஒண்ணு அமெரிக்க மோனார்க், தடிச்ச கறுப்பு நரம்பு ஓடும், ஓரத்துல வெள்ளைப் புள்ளி. இன்னொண்ணு நம்ம ரோட்டோர எருக்கஞ்செடில திரியற வெந்தய வரியன், முன்னிறக்கை நுனி கறுப்பு, அதுல வெள்ளைப் பட்டை. இறக்கை நுனில வெள்ளை இருந்தா அது தமிழ் மறவன் இல்ல. அந்த ஒரு சோதனை போதும்.

செங்காந்தள். இதழ் ஆறு. அஞ்சு போட்டா அது செம்பருத்தி. இதழ் கீழ தொங்காது, பின்னால மடங்கி மேல நோக்கி நெருப்பு மாதிரி நிக்கும், ஓரம் நெளிநெளியா இருக்கும். நிறம் ஒரே சிவப்பு இல்ல: மொட்டு பச்சை மஞ்சள், விரிஞ்ச புதுசுல அடி மஞ்சளும் நுனி சிவப்பும், முதிர முதிர முழுச் சிவப்பு. மகரந்தத் தண்டு ஆறும் குடைக்கம்பி மாதிரி பக்கவாட்டுல விரியும். சூல்தண்டு அடியிலேயே செங்குத்தா மடங்கி ஒரு பக்கமா நீளும், இந்தப் பூவோட கையெழுத்தே அதுதான். இலை நுனி சுருள் கம்பியா முடியும், அதை வெச்சுத்தான் கொடி பத்தி ஏறும்.

ஒரு எச்சரிக்கை. ‘சின்னத்தை வரைஞ்சோம், செடியையும் நடுவோம்’னு யாராச்சும் கிளம்புவாங்க. பள்ளி வளாகத்துல செங்காந்தள் வேணாம். செடி முழுக்க கொல்சிசின்ங்கிற விஷம், கிழங்குல ரொம்ப அதிகம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்குன்னு ஊர்ல சொல்றது இதைத்தான். ஒண்ணாங்கிளாஸ் பசங்க நடமாடற இடத்துல அது கூடாது.

பனை. தென்னையை வரைஞ்சு கீழ ‘பனை’ன்னு எழுதின சுவர் வடசென்னையிலயே உண்டு. நுங்கு வண்டிக்கார அம்மா பார்த்தா மானம் போயிடும். பனையோலை விசிறி, தென்னையோலை சீப்பு. பனைமரம் நேரா, கறுத்து, வளையம் நெருக்கமா இருக்கும். நுங்குக் குலை போட்டா அது பெண்பனை, ஆண்பனைல காய் வராது. ஒரே மரத்துல ரெண்டையும் கலக்காதீங்க.

பலா சுலபம்: காய் அடிமரத்துலயும் தடிச்ச கிளைலயும் ஒட்டித் தொங்கணும், மாங்கா மாதிரி கிளை நுனியில இல்ல. கபடிக்கு ஒரு அணிக்கு ஏழு பேர்னு நினைவு வெச்சுக்கிட்டா போதும். பரதத்துல அரைமண்டி, அதாவது முழங்காலை ரெண்டு பக்கமும் விரிச்சு மடக்கி நிக்கற நிலை, சரியா விழுந்தா மீதி தானா அமையும், ஆடத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு வரைங்க.

ஒற்றியூர் ஓடை

மாநிலப் பாடலை விட்டுட்டீங்களே. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பர்ல மாநிலப் பாடலா அறிவிக்கப்பட்டது. 55 விநாடில பாடணும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழுந்து நிக்கணும். சுவர்ல எழுதறவங்க தப்பு விடற இடம் வழக்கமா ரெண்டு. ‘பரதக்கண்டம்’ங்கிறதை ‘பாரத கண்டம்’னு எழுதிடறாங்க. ‘தெக்கணமும்’ங்கிறதை ‘தட்சணமும்’, ‘தக்கணமும்’னு திருத்திடறாங்க. காதுல கேட்டு எழுதினா இப்படித்தான் ஆகும். ஒண்ணாம் வகுப்புப் பாடநூலைக் கையில வெச்சு எழுத்தெழுத்தா பாருங்க. எழுதினவர் மனோன்மணீயம் சுந்தரனார், நாடகம் வந்தது 1891.

காசிமேட்டுக் கோடு

ரொம்ப நன்றி. பச்சைப்புறாவைத்தான் பிரின்ட் எடுத்து வெச்சிருந்தோம், மஞ்சள் கால். நல்லவேளை!

இன்னொண்ணு. ஹார்டுவேர் கடைக்காரர் ‘உபயம்’னு கடைப் பேரும் லோகோவும் வரணும்ங்கிறார். முத்திரைக் கட்டத்துக்குப் பக்கத்துல இடம் கேக்கறார். சுவரைப் பத்தியும் யாராச்சும் சொல்லுங்க.

மண்ணடி அச்சு

அதுதான் இந்தத் திட்டத்திலேயே ஆபத்தான இடம். முத்திரைக்குப் பக்கத்தில் கடை லோகோ வந்தால், விளக்கப் படம் என்பது போய் வியாபாரப் பயன்பாடு என்று ஆகிவிடும். மேலே சொன்ன இரண்டு சட்டமும் குறிவைப்பது அதைத்தான். உபயம் போடுவதானால் 42 அடியின் மறுகோடியில், கீழே, ஓரடிக்குள், பெயர் மட்டும். அல்லது முத்திரைக் கட்டத்தையே எடுத்துவிட்டு உபயத்தை எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலர், எம்.எல்.ஏ. பெயர் போடச் சொன்னாலும் அதே தூரம்தான். சங்கத்தின் நன்கொடை ரசீதிலும் நன்றிக் கடிதத்திலும் முத்திரை வரவே கூடாது. சுவரில் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு ரசீதில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

சுண்ணாம்பு நூல்

சுவத்துக்கு நான் சொல்றேன் தம்பி. படம் எவ்வளவு நல்லா வந்தாலும் சுவர் கெட்டா எல்லாம் கெட்டுது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய சுவர்ல உப்பு பூக்கறதுக்கு ரெண்டு வழி. தரைலேர்ந்து ஈரம் ஏறும். கட்டும்போது கலந்த தண்ணியே உப்பா இருந்திருக்கும். ஈரம் வெளிய வந்து காயும்போது உப்பு மேல தங்குது, பெயின்டை உள்ளேர்ந்து தள்ளுது. அதனால முதல்ல ஈரம் இருக்கான்னு பாரு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டு. ஒரு நாள் விட்டு எடு. ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் ஈரம். குழாய்க் கசிவு, அடியில சாக்கடை, சுவத்து மேல் மட்டத்துல வெடிப்பு, இதுல எது காரணம்னு பார்த்து அடைக்காம ஒரு டப்பா பெயின்டும் வாங்காதே.

உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதே. கரைஞ்சு திரும்பி உள்ள போயிடும். காஞ்ச கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, கீழ விழுந்த பொடியையும் கூட்டி அள்ளிடு. ஒரு வாரம் விடு. மறுபடி பூத்தா மறுபடி தேய். பூக்கறது நின்னப்புறம்தான் அடுத்த வேலை.

உரியற பெயின்டைப் பட்டித் தகடால சுரண்டு. உறுதியா ஒட்டியிருக்கறதை உப்புத்தாள் போட்டு மங்க வை. பழைய சுண்ணாம்பு இருந்தா முழுக்க எடுத்தாகணும், கையால தடவினா வெள்ளையா ஒட்டற எதுக்கு மேலயும் பெயின்ட் நிக்காது. அப்புறம் வொயிட் சிமென்ட் பட்டி. உள்ளறைக்கு அடிக்கிற அக்ரிலிக் பட்டியை வெளிச்சுவத்துல போடாதே, மழைக்கு ஊறிக் கழண்டுடும். சிமென்ட் பட்டிக்கு முன்னால சுவத்தை லேசா நனைக்கணும், மெல்லிசா ரெண்டு கை போடணும். ஒரே தடவைல தடியா அப்பினா மயிரிழை வெடிப்பு விழும். கலந்ததை ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடு, இறுகினதுல தண்ணி விட்டு மறுபடி கலக்காதே.

42-ஐ ஆறரையால பெருக்கினா 273 சதுர அடி. பட்டி கரடுமுரடைப் பொறுத்து 20-லேர்ந்து 25 கிலோ. எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை, 3 லிட்டர் போதும், 4 லிட்டர் டப்பாவா வாங்கு. பின்னணிக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கை, அஞ்சரை லிட்டர் பக்கம் பிடிக்கும், 6 வாங்கு. படத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, பழுப்பு ஒவ்வொண்ணும் ஒரு லிட்டர், வெள்ளை மட்டும் ரெண்டு. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடு. புதுசா பூசின இடம் இருந்தா அது ஒரு மாசம் ஆறணும்.

பளபளப்புக்காக எனாமல் கேப்பாங்க. வேணாம். சிமென்ட் சுவத்துல இருக்கற காரம் எண்ணெய் பெயின்டை சோப்பா மாத்திடும், உள்ளேர்ந்து வர்ற ஈரமும் வெளிய போக முடியாம கொப்புளம் போடும். போன தடவை செதிலா உரிஞ்சதுன்னு சொன்னியே, அந்தச் செதிலை ஒடிச்சுப் பாரு. ரப்பர் மாதிரி வளைஞ்சா எமல்ஷன், கண்ணாடி மாதிரி நொறுங்கினா பெரும்பாலும் எனாமல்.

வெள்ளை எமல்ஷன் வாங்கி ஸ்டெயினர்ங்கிற கலர்ச் சாயத்தைக் கொட்டிச் சிவப்பாக்கறதும் வேணாம். ஸ்டெயினர் ஒரு அளவுக்கு மேல போனா பெயின்ட் ஒழுங்கா இறுகாது, கை வெச்சா ஒட்டும், வெயிலுக்கும் சீக்கிரம் வெளுக்கும். செங்காந்தளுக்கு வேணுங்கற சிவப்பைக் கடையில மிஷின்ல கலந்ததாவே வாங்கு. கிழக்குப் பார்த்த சுவத்துக்குக் காலை வெயில் முழுசா விழும், முதல்ல போறது பளிச் சிவப்பும் மஞ்சளும்தான். மண் நிறம், செங்கல் நிறம், ஆக்சைடு வகை எல்லாம் நிக்கும். வரையாட்டைப் பத்திக் கவலைப்படாதே.

கீழ ரெண்டரை அடியை அடர் சாம்பலா விட்டுடு. அங்க படம் போட்டா எச்சில், சேறு, நாய், இன்னும் சொல்லக் கூடாததெல்லாம் விழும். மீதி நாலடி உயரத்துக்குக் கட்டம் போடு. 42 அடியைப் பத்தாப் பிரிச்சா கட்டத்துக்கு நாலு அடி, நடுவுல இடைவெளிக்கு ரெண்டடி மிச்சம். முத்திரை, பறவை, விலங்கு, பூ, மரம், பழம், பூச்சி, நடனம், விளையாட்டு, பாட்டு, சரியா பத்து.

படத்தைப் பெருசாக்க, பிரின்ட்ல ஒரு இன்ச் கட்டம் போட்டு சுவத்துல ஆறு இன்ச் கட்டம் அடி. எட்டு இன்ச் படம் நாலடி ஆகும். கோடு அடிக்கற நூல்ல நீலப்பொடி போடாதே, எமல்ஷன் மேல கறை தங்கும். வெள்ளைச் சாக்பீஸ் பொடி போதும், வெளிர் பின்னணியா இருந்தா கரித்தூளைக் கம்மியா தொட்டு அடி. மட்டத்தைத் தரையைப் பார்த்து எடுக்காதே, நம்ம ரோட்டுத் தரை மேடும் பள்ளமும். டியூப்ல தண்ணி விட்டு ரெண்டு முனையும் மட்டம் பாரு.

காசிமேட்டுக் கோடு

அண்ணே, பிரமாதம். முத்திரைக் கட்டத்துல ஒன்றரை அடி வட்டத்தைக் கையாலயே வரைஞ்சிடலாமா? வட்டமா எழுத்து எழுதறதுக்கு எதாவது வழி?

சுண்ணாம்பு நூல்

வட்டத்துக்கு ஆணியும் நூலும் வேணாம், நூல் இழுபடும், சுத்தி வந்தா ஆரம்பிச்ச இடத்துல சேராது. ஒரு மர ரீப்பர்ல ஒன்பது இன்ச் தள்ளி ரெண்டு ஓட்டை போடு, ஒண்ணுல ஆணி, ஒண்ணுல பென்சில்.

எழுத்துலதான் எல்லாரும் கவுறாங்க. சுத்தளவு ஐம்பத்தாறரை இன்ச், எழுத்தை எண்ணி சமமா பிரிப்போம்னு போனா தமிழுக்கு அது வேலைக்காகாது. ‘வாய்மையே வெல்லும்’ எடுத்துக்கோ. ‘ய்’ ஒத்தை அகலம். ‘மை’, ‘யே’, ‘வெ’ மூணுக்கும் முன்னால கொம்பு வரும், ‘வா’வுக்குப் பின்னால கால் வரும், எல்லாம் ரெட்டை அகலம். சமமா பிரிச்சவன் ‘யே’ வர்றப்ப இடம் இல்லாம கொம்பை ‘மை’ மேல ஏத்திடுவான். ஒரு நீளக் காகிதப் பட்டைல நேரா எழுதி, அளவு பார்த்து, அந்தப் பட்டையை வளைச்சு வட்டத்துல ஒட்டிப் புள்ளி வை. நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் எழுதிப் போ, ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்காதே. மேல் வாசகத்துக்கு எழுத்தோட தலை வெளிப்பக்கம், கீழ் வாசகத்துக்குத் தலை மையத்தைப் பார்த்து. இதை மாத்தினா கீழ் வாசகம் தலைகீழா தொங்கும்.

மண்ணடி அச்சு

எழுத்து மட்டும் என்றால் அண்ணன் சொன்ன வழி சரி. ஆனால் ஒன்றரை அடி முத்திரையைக் கையால் வரையவே வேண்டாம் என்பேன். அந்த அளவில் கொடியின் சக்கரம் ஒரு இன்ச்சுக்கும் கீழே போய்விடும், அதில் 24 ஆரம் போட எந்தப் பிரஷ்ஷாலும் முடியாது. எட்டோ பன்னிரண்டோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிங்கத்துக்கு அடியில் உள்ள பலகையிலும் நடுவில் சக்கரம், பார்ப்பவருக்கு வலது பக்கம் காளை, இடது பக்கம் குதிரை. கையால் போட்டால் இரண்டும் ஒரே நாய் மாதிரி ஆகும். சிங்கம் நாலு, முன்னால் தெரிவது மூன்று. நாலாவதையும் எங்காவது நுழைக்கப் பார்க்கும் ஓவியர்களும் உண்டு.

அனுமதிக் கடிதத்திலேயே ‘தெளிவான மூலப் படம் தந்து உதவவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கிடைத்ததை இரண்டடிக்கு இரண்டடி ஏ.சி.பி. தகட்டில் (பெயர்ப்பலகைக்குப் போடும் அலுமினியக் கலவைத் தகடு) வினைல் ஒட்டி, மேலே புறஊதாத் தடுப்பு லேமினேஷன் போட்டு, நாலு மூலையிலும் துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்குங்கள். சாதாரண இரும்புத் திருகாணி அந்தக் கடல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு வடிந்து கொடியின் வெள்ளையில் கோடு போடும். வினைல் இரண்டு மூன்று ஆண்டில் வெளுக்கத் தொடங்கும். வெளுத்ததும் கழற்றிவிடலாம், சுவரில் வரைந்ததை அப்படிக் கழற்ற முடியாது.

சுண்ணாம்பு நூல்

அதுவும் சரிதான். தம்பி, திருகாணி ஓட்டையைப் பட்டி போடறதுக்கு முன்னாலயே துளைச்சு பிளக் அடிச்சுடு. பெயின்டுக்கு அப்புறம் துளைச்சா ஓட்டையைச் சுத்திப் பொரிஞ்சு, அது வழியாவே தண்ணி இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால ரெண்டு கையும் காஞ்சிருக்கணும், இல்லன்னா பொங்கல் கழிச்சு வேலையை ஆரம்பி.